பாலில் நச்சு பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு பிக் நிதி: விண்ணப்பம் எங்கே சறுக்கும்?

கேள்வி, 28 மே 2024

நாமக்கல்லில் மூன்று பேர் சேர்ந்து கம்பெனி வைத்திருக்கிறோம். 2022 நவம்பரில் பதிவு. பாலில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பால் சொசைட்டியிலேயே பார்த்துச் சொல்லும் பேப்பர் ஸ்ட்ரிப் எங்கள் யோசனை. பைராக்கின் பிக் திட்டத்தில் 50 லட்சம் தருகிறார்களாம். பங்கு எனக்கு 35, நண்பருக்கு 30, சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட என் மச்சானுக்கு 35 சதவீதம். பட்ஜெட்டில் 28 லட்சம் ஸ்ட்ரிப் தயாரிக்கும் மெஷினுக்கு. ஜூலையில் போட்டால் கிடைக்குமா?

28 மே 2024, இரவு

முதலில் மெஷினைப் பட்ஜெட்டிலிருந்து நீக்குங்கள். மற்றது நாளை.

29 மே 2024

பைராக் என்பது மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2012இல் தொடங்கிய, லாபநோக்கு இல்லாத நிறுவனம். அது தருகிற நிதிகளில் ஆரம்பக் கட்டத்துக்கானது பிக். அதிகபட்சம் 50 லட்சம், 18 மாதம். பங்கு கேட்க மாட்டார்கள், காப்புரிமை உங்களிடமே இருக்கும். வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் திறந்து ஒன்றரை மாதத்தில் மூடுவார்கள். பெங்களூரு சி-கேம்ப், ஐதராபாத் ஐகேபி, புனே வென்ச்சர் சென்டர் மாதிரியான பங்காளி அமைப்புகள் வழியாகத்தான் திட்டம் நடக்கிறது. உங்களைக் கண்காணிப்பவர்களும் அவர்களே.

இந்தப் பணம் ஒரே ஒரு கேள்விக்கு விடை காணத் தரப்படுகிறது: யோசனை வேலை செய்யுமா, செய்யாதா? 28 லட்சத்துக்குத் தயாரிப்பு மெஷின் கேட்டால், விடை தெரிவதற்கு முன்பே தொழிற்சாலை கட்டப் பார்க்கிறார்கள் என்று தேர்வுக் குழு நினைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் வெட்டும், நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு ஒட்டிய அட்டை 30 செ.மீ. நீளம். 4 மி.மீ. அகலத்தில் வெட்டினால் 75 ஸ்ட்ரிப். முடிவைக் காட்டும் கோடு போட ஒரு செ.மீ.க்கு 1 மைக்ரோலிட்டர் வீதம் ஒரு கோட்டுக்கு 30 மைக்ரோலிட்டர் கரைசல் போதும். 18 மாதச் சோதனைக்கு 6,000 ஸ்ட்ரிப் தாராளம். அதாவது 80 அட்டை. நாளுக்குப் பத்து அட்டை என்றால் எட்டு நாள் மெஷின் நேரம். எட்டு நாள் வேலைக்கு எதற்கு 28 லட்சம்? அந்த மெஷின் இருக்கும் இன்குபேட்டரில் (புதுக் கம்பெனிகளுக்கு ஆய்வக இடம் தரும் மையம்) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள்.

29 மே 2024, சற்று நேரம் கழித்து

பங்கு விஷயம் மெஷினைவிட அவசரம், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். குறைந்தது 51 சதவீதப் பங்கு இந்தியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியாக அவர்களுடைய இந்தியப் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை செல்லாது. மச்சானின் 35 போக மிச்சம் 65, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? இல்லையென்றால் காகிதத்தில் உங்களால் காட்ட முடிவது 35 சதவீதம்தான். ஆதாரும் வாக்காளர் அட்டையும் அந்த இடத்துக்கு உதவாது. இன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போலீஸ் விசாரணை முடிந்து கைக்கு வர எத்தனை வாரம் ஆகும் என்று ஊருக்கு ஊர் மாறும்.

பங்கு விவரத்தை ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ பைராக் தரும் படிவத்திலேயே சான்றளிக்க வேண்டும். யுடிஐஎன் எண் (ஒவ்வொரு சான்றிதழுக்கும் உரிய தனி அடையாள எண்) இல்லாத ஆடிட்டர் சான்றிதழ் திரும்பி வரும்.

2 ஜூன் 2024

நண்பரிடம் பாஸ்போர்ட் இல்லை என்று பதில் போட்டிருக்கிறீர்கள். தத்கால் போடுங்கள்.

5 ஜூன் 2024

வரிசை முக்கியம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டில் யோசனையை நிரூபிக்க 20 லட்சம் வரை திருப்பித் தர வேண்டாத நிதி கிடைக்கும். இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு எந்த மத்திய, மாநில அரசுத் திட்டத்திலும் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கக் கூடாது. பிக் பணம் முதலில் வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். பிக் வராமல் நவம்பர் தாண்டிவிட்டாலும் மூடிக்கொள்ளும். பிக் விண்ணப்பத்துக்கோ கம்பெனி ஐந்து வயதுக்குள் இருந்தால் போதும், அங்கே உங்களுக்கு 2027 வரை நேரம் இருக்கிறது.

ஆகவே சீட் ஃபண்டுக்கு இப்போதே போடுங்கள். மத்திய அரசின் தொழில் துறையான டிபிஐஐடி ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் அங்கீகார எண் வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சரில் முதல் வகை 2 லட்சம், இரண்டாம் வகை 5 லட்சம். இரண்டையும் வாங்கினால்கூட 10 லட்சத்துக்குள் அடங்கும், சீட் ஃபண்டைத் தடுக்காது. போட்டிகளில் வென்ற பரிசுத் தொகை இந்தக் கணக்கில் சேராது.

ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்காதீர்கள். வவுச்சரில் ஆன்டிபாடித் (எம்1ஐப் பிடித்துக்கொள்ளும் புரதம்) தேர்வு, சீட் ஃபண்டில் மாதிரி ஸ்ட்ரிப், பிக்கில் பால் வகைகளிலும் வெப்பநிலையிலும் சோதனை என்று வேலையைப் பிரித்து எழுதுங்கள். வாங்கியதை எல்லாம் விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

9 ஜூன் 2024

நீங்கள் அனுப்பிய பிரச்சினை விளக்கத்தில் முதல் மூன்று பக்கமும் இந்தியப் பால் உற்பத்தியின் பெருமை. வெட்டுங்கள். மதிப்பீட்டாளருக்கு அது தெரியும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்:

கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் பி1 உண்டாகிறது. மாடு அதைத் தின்றால் அதன் ஈரல் எம்1 ஆக மாற்றிப் பாலில் விடுகிறது. காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அந்த ஆணையம் 2018இல் எடுத்து 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368 வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் எடுத்த 551இல் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் இதுதான் அதிகம்.

அந்த 88ஐ முதல் பத்தியிலேயே வையுங்கள். நம் ஊர்க் குழந்தை குடிக்கிற பால் அது. இந்த வேலை ஏன் இங்கே நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

10 ஜூன் 2024

மைல்ஸ்டோன் பற்றி. நீங்கள் எழுதியது: "6ஆம் மாதம்: ஸ்ட்ரிப்பை மேம்படுத்துதல். 12ஆம் மாதம்: மேலும் மேம்படுத்துதல்." இப்படி எழுதினால் தவணை விடுவிக்கும் நாளில் நீங்கள் முடித்தீர்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பணம் நிற்கும்.

எண்ணோடு எழுதுங்கள். "6ஆம் மாத முடிவில்: தண்ணீர் கலந்த கரைசலில் இல்லாமல் நிஜப் பாலில், லிட்டருக்கு 0, 0.25, 0.5, 0.75, 1.0 மைக்ரோகிராம் சேர்த்த மாதிரிகளில், அளவுக்கு 20 ஸ்ட்ரிப் வீதம் சோதித்து, 0.5இல் தவறவிடும் விகிதம் 5 சதவீதத்துக்குக் கீழ்." அடுத்த வரியில், இது நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது: வேறு ஆன்டிபாடியா, நிறத்துகளை மாற்றுவதா, அல்லது நிறுத்துவதா? "நிறுத்துவோம்" என்று எழுதப் பயப்படாதீர்கள். இது நிரூபிப்பதற்கான பணம், நடக்காது என்று தெரிந்தாலும் அது விடைதான்.

ஜீரோ மாதிரி என்று நீங்கள் எடுக்கும் பாலில் உண்மையிலேயே எம்1 இல்லை என்று எச்பிஎல்சியில் (ஆய்வகத்தில் துல்லியமாக அளக்கும் முறை) பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பாக்கெட்டை அப்படியே ஜீரோ என்று வைத்தால் மொத்தக் கணக்கும் சாயும்.

14 ஜூன் 2024, திருத்தம்

நான் சொன்ன 20 ஸ்ட்ரிப் போதாது. எழுதிய பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது.

உண்மையான தவறு விகிதம் 5 சதவீதமாகவே இருந்தாலும், 20 ஸ்ட்ரிப்பும் சரியாக வருவதற்கு வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வருவது: 0.36. மூன்றில் ஒரு தடவைக்கு மேல் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். 5 சதவீதத்துக்குக் கீழ் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, ஒன்றுகூடத் தவறாமல் 59 வேண்டும். 60 என்று வையுங்கள். எல்லா அளவுக்கும் வேண்டாம், முடிவு செய்யும் 0.5க்கும் ஜீரோவுக்கும் மட்டும் 60. மற்றவற்றுக்கு 20 இருக்கட்டும். கூட்டினால் 180 ஸ்ட்ரிப், மூன்று அட்டைக்குள் முடியும்.

இன்னொன்று. வரம்பு 0.5 என்பதால் ஸ்ட்ரிப்பையும் 0.5இல் மாறும்படி செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் சரியாக 0.5 உள்ள பாலில் பாதிக்குப் பாதி தப்பிவிடும். 0.35 பக்கத்தில் மாறும்படி அமையுங்கள். நல்ல பாலில் சில வீணாக மாட்டும், அதை எச்பிஎல்சிக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ளலாம். தவறவிட்டதை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

21 ஜூன் 2024

பட்ஜெட். 50 கிடைக்கும் என்பதால் 50 கேட்காதீர்கள். என் கணக்கில் உங்கள் வேலைக்கு 41 லட்சம்.

ஆட்கள் இரண்டு பேர்: மாதம் 45,000 ஒருவர், 25,000 ஒருவர், 18 மாதத்துக்கு 12.6 லட்சம். ஆன்டிபாடி, தங்கத் துகள், சவ்வு, எம்1 ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த எம்1) எல்லாம் சேர்த்து 14. சிறு கருவிகள் 6. வெளி ஆய்வகச் சோதனை 4. இன்குபேட்டர் வாடகையும் மெஷின் நேரமும் 2.7. பயணம் 0.7. சில்லறைச் செலவு 1.

14 லட்சம் அதிகம் என்று தோன்றும். ஆன்டிபாடியில் ஒரு லாட் நன்றாக வேலை செய்யும், அடுத்த லாட்டில் கோடு வெளிறும். இரண்டு லாட் வாங்கி இரண்டிலும் காட்டுவதை ஒரு மைல்ஸ்டோனாகவே வைக்கலாம். இறக்குமதி ஆன்டிபாடி என்றால் சுங்கத்தில் காத்திருக்கும் நாட்களில் குளிர் விட்டுப்போகும் அபாயமும் உண்டு. ஐஸ் பேக்கோடு ஒரு வெப்பநிலைப் பதிவியும் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிச் சோதனைக்கு எண்ணிக்கையோடு கேளுங்கள். ஒரு மாதிரிக்கு 3,500 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் 4 லட்சத்துக்கு 114 மாதிரிதான். ஐஎஸ்ஓ 14501 முறையில் செய்யும் ஆய்வகமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன். விலையை ஜிஎஸ்டியோடு போடுங்கள். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு கிராண்டிலும் செலவு எழுதினால் ஆடிட்டில் மாட்டும்.

22 ஜூன் 2024

"சில்லறைச் செலவு" என்றே படிவத்தில் எழுதிவிடாதீர்கள். அங்கே கன்டிஞ்சென்சி.

30 ஜூன் 2024

குழுவில் கண்டிப்பாக வரும் கேள்வி: "எம்1க்கு வெளிநாட்டு ஸ்ட்ரிப் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறதே, உங்களுடையது எதற்கு?" விலை குறைவு என்று மட்டும் சொன்னால் நிற்காது. ஒரு பெட்டி வாங்கி உங்கள் ஸ்ட்ரிப்போடு பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பதைப் பட்ஜெட்டிலேயே சேருங்கள்.

உங்களுக்கு வேறு இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஒன்று பால் வகை. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, முழுக்கொழுப்பில் 6. சொசைட்டிக்கு வரும் கறந்த பால் மாட்டுக்கு மாடு மாறும், எருமைப்பால் இன்னும் கெட்டி. கொழுப்பு ஏறினால் சவ்வில் பால் ஏறும் வேகம் குறையும், கோடு மங்கும். எம்1 பெரும்பாலும் கேசினோடு ஒட்டியிருப்பதால் ஆடையை நீக்கிவிட்டுச் சோதித்தாலும் கொஞ்சம்தான் போகும். இதை எண்ணோடு காட்டினால் நல்ல வேலை.

இன்னொன்று படிக்கும் விதம். எம்1 மிகச் சிறிய மூலக்கூறு, அதனால் போட்டி முறை ஸ்ட்ரிப். நச்சு இருந்தால் கோடு மறையும், இல்லையென்றால் கோடு வரும். கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். காலை ஆறு மணிக்கு வரிசை நிற்கும் சொசைட்டியில், பால் அளப்பவர் கோடு தெரிந்ததும் "நச்சு இருக்கிறது" என்று பாலைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. பத்துப் பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எத்தனை பேர் சரியாகப் படித்தார்கள் என்பதையும் ஒரு மைல்ஸ்டோனாக வையுங்கள்.

4 ஜூலை 2024

அனுமதிகள். ஆன்டிபாடியை விலைக்கு வாங்கினால் உயிரிப் பாதுகாப்புக் குழு தேவையில்லை. நீங்களே ஈ-கோலையில் மறுசேர்க்கை ஆன்டிபாடித் துண்டு தயாரிக்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் குழுவின் (ஐபிஎஸ்சி) ஒப்புதல் வேண்டும். கடைப் பாலுக்கும் சொசைட்டிப் பாலுக்கும் விலங்கு நெறிக் குழு வேண்டாம். மாட்டுக்குப் பிண்ணாக்கு கொடுத்துப் பார்ப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த வரியை எடுத்துவிடுங்கள், உங்கள் கேள்விக்கு அது அவசியம் இல்லை. கால்நடை நிபுணரின் துணை வேண்டுமானால் சென்னை மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமான தனுவாஸ் இருக்கிறது. கடிதத்தில் "ஆதரவளிக்கிறோம்" என்று வாங்காமல் "மாதம் இத்தனை மாதிரி தருகிறோம்" என்று வாங்குங்கள்.

மருத்துவக் கருவி உரிமம் உங்களுக்குத் தேவையில்லை, இது உணவுச் சோதனை. விற்கும் காலத்தில் உணவு ஆணையத்தின் ராஃப்ட் (விரைவு உணவுச் சோதனை முறைகளுக்கானது) திட்டத்தில் ஒப்புதல் வாங்கலாம். ரத்தத்தில் பார்க்கும் கிட் செய்கிறவர் ஒருவர் உரிமம் பற்றி இங்கேயே கேட்டிருந்தார். அவருக்கு: 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்கிய பிறகுதான் சோதனைக்காகக்கூடத் தயாரிக்கலாம். அந்தக் கால அளவை 18 மாதத்துக்குள் கணக்கில் எடுங்கள்.

எம்1 ஸ்டாண்டர்டு அசிட்டோநைட்ரைலில் கரைத்து வரும். பழுப்புக் குப்பியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பாலில் சேர்க்கும்போது கரைப்பான் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் ஆன்டிபாடியே பாதிக்கப்பட்டுப் பொய்யான முடிவு வரும். சிந்தினால் சோடியம் ஹைப்போகுளோரைட். இதை விண்ணப்பத்தின் பாதுகாப்புப் பத்தியில் நாலு வரி எழுதினால், இவர்கள் கையால் வேலை செய்தவர்கள் என்று படிப்பவருக்குப் புரியும்.

5 ஜூலை 2024

தேனியிலிருந்து ஒருவர்: மேற்குத் தொடர்ச்சி மலை மூலிகைச் சாற்றுக்கு பிக் போடலாமா?

போடலாம். ஆனால் உயிரியல் பன்மயச் சட்டம் வரும். தேசிய ஆணையம் நம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. சட்டத்தின் 2023 திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இந்தியக் கம்பெனி காப்புரிமை கையில் வருவதற்குள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பு கம்பெனியில் வெளிநாட்டவருக்கு ஒரு பங்கு இருந்தாலே ஆணையத்தின் முன்அனுமதி தேவைப்பட்டது. இப்போது கம்பெனி வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் இருந்தால்தான். நாமக்கல் மச்சானைப் போல 35 சதவீதம் வைத்திருப்பவர் உங்கள் கம்பெனியில் இருந்தால், பங்குதாரர் ஒப்பந்தத்தில் அவருக்கு இயக்குநர்களை நியமிக்கும் உரிமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்பாடு என்பது சதவீதம் மட்டும் இல்லை.

19 ஜூலை 2024

அமெரிக்காவில் இப்படி நிதி உண்டா என்று நியூ ஜெர்சியிலிருந்து கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே 1982 சட்டத்தில் பிறந்த எஸ்பிஐஆர், சிறு கம்பெனிகளின் ஆய்வுக்கான அரசு நிதி. இங்கே 2005இல் வந்த எஸ்பிஐஆர்ஐ பெயரில் அதற்கு உறவு, பிக் வேறு ரகம். அங்கே பாதிக்கு மேல் பங்கு அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு உள்ளவர்களிடமோ இருந்தால் போதும். 2024 நிலவரப்படி என்ஐஎச்சுக்கு (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு) விண்ணப்பக் கடைசி நாட்கள் செப்டம்பர் 5, ஜனவரி 5, ஏப்ரல் 5. முதல் கட்டத்தில் ஆய்வுத் திட்டம் ஆறு பக்கம், நோக்கங்கள் ஒரு பக்கம். அரசு நிதி பெற வேண்டிய சாம் பதிவு பல வாரம் இழுக்கும், அதை முடித்துவிட்டு எழுத உட்காருங்கள். செலவுக்கு மேல் 7 சதவீதம் வரை லாபமாகக் கேட்க இடம் உண்டு. இங்கே லாபம் இருக்கட்டும், வட்டியையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

11 டிசம்பர் 2024

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நல்லது. அதற்கு முன் பங்காளி அமைப்பிலிருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். இன்குபேட்டர் ஒப்பந்தம், ஆய்வக மேசை, உங்கள் பரிசோதனை நோட்டு மூன்றும் அங்கே இருக்கட்டும். நோட்டில் தேதி போட்டு, தோற்றுப்போன சோதனைகளும் இருக்க வேண்டும்.

பேசும்போது மூன்றாவது நிமிடத்துக்குள் நிஜப் பாலில் எடுத்த ஸ்ட்ரிப் படத்தைக் காட்டுங்கள். கோடு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. படத்தின் கீழே எந்தப் பால், எவ்வளவு எம்1, எத்தனை நிமிடம் என்று இருக்கட்டும். படத்தைத் திருத்தி வெளிச்சம் ஏற்றாதீர்கள்.

2 மார்ச் 2025

வட்டி. பிக் பணத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வேண்டும், வங்கிக்கு அதன்மேல் எந்தப் பிடியும் இல்லை என்ற கடிதத்தோடு. கம்பெனிக்குக் கடன் இருந்தால் அந்த வங்கியில் திறக்காதீர்கள், கடிதம் தர இழுத்தடிப்பார்கள். வரும் வட்டி அரசுடையது, பொது நிதி விதிகள் 2017 அப்படித்தான் சொல்கின்றன. பணம் சும்மா இருக்கிறதே என்று வைப்புநிதியில் போட்டால் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். நீங்கள் முழு வட்டியைக் கட்டிவிட்டு, பிடித்ததை வருமான வரியில் திரும்பக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

வருமான வரியில் (1961 சட்டத்தில் 2(24)(xviii) பிரிவு) அரசு நிதி வருமானமாகச் சேரும். அந்த வருடச் செலவு அதை ஈடுகட்டிவிடும், தேங்கியிருப்பதில்தான் சிக்கல். கருவிக்குச் செலவழித்த பகுதியைக் கருவியின் விலையிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும், கழிக்காமல் முழு விலைக்கும் தேய்மானம் எடுக்கக் கூடாது. மார்ச் மாதக் கடைசியில் தவணை வந்தால் ஏப்ரலுக்கு முன்பே ஆடிட்டரோடு உட்காருங்கள். கிராண்ட் கணக்கு பார்த்துப் பழகிய ஆடிட்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3 மார்ச் 2025

ஒன்று விட்டுப்போனது. 18 மாதம் ஓடத் தொடங்குவது ஒப்பந்தத் தேதியிலிருந்தா, பணம் வந்த தேதியிலிருந்தா என்று கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் படியுங்கள். ஆள் எடுக்க இரண்டு மாதம், ஆன்டிபாடி வர இரண்டு மாதம் போய்விடும். அதனால் இறக்குமதி ஆர்டருக்கான கொட்டேஷனை இப்போதே புதுப்பித்து வையுங்கள், பழையது காலாவதியாகியிருக்கும்.